இரண்டாவது நாற்காலி

ஆடிட் ரிப்போர்ட்டை யாராவது நாவல் மாதிரி உட்கார்ந்து படிப்பார்களா? நான் படிப்பேன். பி.காம். படித்ததில் மிஞ்சிய ஒரே கெட்ட பழக்கம். அப்படி இரண்டாவது தடவையாகப் படித்து முடித்தது, 2013-ல் சி.ஏ.ஜி. வெளியிட்ட 18-ம் எண் அறிக்கை. இந்தியத் தொல்லியல் துறை நம் நினைவுச் சின்னங்களை எப்படிக் காப்பாற்றுகிறது என்பதுதான் கதை.

கதையில் முதல் அத்தியாயத்திலேயே மர்மம். தணிக்கைக்காரர்கள் துறை ஆட்களையும் கூட்டிக்கொண்டு 1,655 இடங்களுக்கு நேரில் போனார்கள். 92 சின்னங்களைக் காணோம்! சிலை, செப்புக்காசு என்றால் யாரோ துண்டில் சுற்றி எடுத்துப் போய்விட்டான் என்று சொல்லலாம். இவை கட்டடம், கல்லறை, கோயில். அதற்கு முன்பு நாடாளுமன்றத்துக்குச் சொல்லப்பட்டிருந்த கணக்கு 35.

எங்கள் தெரு மளிகைக் கடை அண்ணாச்சி வருஷத்துக்கு ஒரு நாள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஸ்டாக் எடுப்பார். புளி எத்தனை கிலோ, சோப்பு எத்தனை டஜன் என்று நோட்டில் ஏறும். குறைந்தால் கடைப் பையனுக்கு அர்ச்சனை விழும். தன்னிடம் மொத்தம் எத்தனை சின்னங்கள் இருக்கின்றன என்பதற்கே துறையிடம் நம்பத்தகுந்த பட்டியல் இல்லை என்கிறது அறிக்கை. ஸ்டாக் நோட்டே இல்லாத கடையில் சரக்கு குறைந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது?

இதுவரை அறிக்கைக்குக் கைதட்டலாம். என் புகார் அதன் நடையைப் பற்றியது. பக்கத்துக்குப் பக்கம் ‘செய்யப்படவில்லை’, ‘பராமரிக்கப்படவில்லை’, ‘சரிபார்க்கப்படவில்லை’ என்கிற தோரணை. யார் செய்யவில்லை? எந்த நாற்காலி? தணிக்கை மொழியில் மனுஷனே கிடையாது. வேலைகள் தாமாகவே நடக்காமல் இருந்துவிட்டன போல.

அந்த மனுஷனைத் தேடினால் இரண்டாவது நாற்காலியில் அகப்படுவார். நம் மாநிலத் தொல்லியல் துறையில் அவருக்குப் பெயர் துணை இயக்குநர். மத்தியத் துறையின் வட்ட அலுவலகத்தில் துணைக் கண்காணிப்புத் தொல்லியலாளர். டெல்லியில் இணைத் தலைமை இயக்குநர். பெயர்ப்பலகைதான் வேறே. கல்வெட்டின் எழுத்து எந்த நூற்றாண்டு, விரிசல் விட்ட தூணுக்குச் சுண்ணாம்புச் சாந்தா, வேறு வைத்தியமா, சட்டம் போட்ட 100 மீட்டர் எல்லைக்குள் யார் மாடி எடுக்கிறார்... எல்லாம் தெரிந்தவர் அவர்தான். நோட்டீஸும் அந்த அலுவலகத்திலிருந்துதான் போகும். இடிக்கிற உத்தரவுகூடப் போகும். இடிப்பதற்கு புல்டோசரும் போலீஸும் வேண்டுமே, அது மாவட்ட நிர்வாகத்தின் கையில். உத்தரவு ஃபைலில் இருக்கும், மாடி ஊரில் இருக்கும்.

முதல் நாற்காலியின் கதை வேறு. 1993-லிருந்து 2010 வரை, பதினேழு வருஷம், மத்தியத் துறையின் தலைமை இயக்குநராக ஒரு தொல்லியலாளர்கூட உட்காரவில்லை. எல்லாரும் ஐ.ஏ.எஸ். ‘அவங்களுக்கு என்னய்யா தெரியும்’ என்று நான் சொல்ல மாட்டேன். நிதி அமைச்சகத்தில் கதவைத் தட்டிப் பணம் வாங்க அவர்களுக்குத் தெரியும், அது சின்ன விஷயமில்லை. ஆனால் அடுத்த போஸ்டிங் வந்தால் போய்விடுவார். முப்பது வருஷம் அதே துறையில் கிடக்கிற இரண்டாவது ஆள் சொன்னதைக் கேட்டாரா, கேட்கவில்லையா என்று எந்த ரிப்போர்ட்டிலும் வராது.

வெள்ளைக்காரன் காலத்தில் இப்படி இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். 1886-ல் சென்னை அரசின் கல்வெட்டு ஆய்வாளராக வந்தவர் ஹூல்ஷ் என்கிற ஜெர்மானியர். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பதிப்பிக்க ஆரம்பித்தவர். அவருக்கு உதவியாளராக இருந்தவர் வி.வெங்கய்யா. அந்த இரண்டாவது நாற்காலிக்காரர் பின்னால் முதல் நாற்காலிக்கே வந்தார். காலனி ஆட்சியில் இருந்த ஏணி!

இப்போது விஷயம் தெரிந்தவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் டிரான்ஸ்ஃபர் ஆர்டர்தான். கீழடியில் முதல் இரண்டு கட்டம் தோண்டிய அமர்நாத் ராமகிருஷ்ணா 2017-ல் அசாமுக்கு மாற்றப்பட்டார். அவர் 982 பக்க அறிக்கையைக் கொடுத்தது 2023 ஜனவரியில். திருத்தித் தரச் சொல்லி அது திரும்பி வந்தது 2025 மே மாதத்தில். அறிக்கையில் திருத்த வேண்டியது இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அதை அறிஞர்கள் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளட்டும். படித்துப் பார்த்துப் பதில் சொல்ல இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிற அலுவலகத்தில் நடு நாற்காலிக்காரர் எந்த தைரியத்தில் அடுத்த குழியைத் தோண்டுவார்?

92-க்கு வருவோம். துறை அப்புறம் அலைந்து திரிந்து 42-ஐக் கண்டுபிடித்தது. பாக்கி 50. இதில் 14 நகரம் விழுங்கியது, 12 அணை நீரில் மூழ்கியது, 24 எங்கே போயின என்றே தெரியாது. 2022-ல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கேள்வி கேட்டது. காவலுக்கு 7,000 பேர் வேண்டும், பணமில்லாததால் 2,578 பேர், அதுவும் 248 இடங்களில் மட்டும் என்று அப்போது தெரியவந்தது. நாடு முழுக்கச் சின்னங்கள் 3,693. வகுத்துப் பார்க்கிற வேலையை உங்களுக்கே விட்டுவிடுகிறேன்.

காணாமல் போன பட்டியலில் ஹரியானாவின் முஜேசர் கிராமத்து கோஸ் மினார் ஒன்று. பழைய ராஜபாட்டையில் ஒரு கோஸ் தூரத்துக்கு ஒன்றாக நட்ட தூண். அந்தக் காலத்து மைல்கல் என்று வையுங்கள். வழிப்போக்கன் தொலைந்து போகக் கூடாதென்று நட்டது, தானே தொலைந்துவிட்டது.

அது எந்த வருஷம் வரை நின்றது, அப்போது அந்த வட்டத்தில் இரண்டாவது நாற்காலியில் இருந்தவர் யார், மேலே ஒரு கடிதமாவது எழுதினாரா, எழுதியிருந்தால் அது எந்த மேஜையில் நின்றது? சி.ஏ.ஜி. கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் இவை. கேட்டிருந்தால், கடிதம் எழுதிவிட்டுக் காத்திருந்தவர்களின் பெயர்களும் வெளியே வந்திருக்கும்.

2024 மார்ச்சில் துறை கணக்கை நேர்செய்தது. 18 சின்னங்களைப் பட்டியலிலிருந்து நீக்க முடிவு, அதில் முஜேசரும் உண்டு. கம்பெனிக் கணக்கில் இதை ‘ரைட் ஆஃப்’ என்போம். 1958-ம் வருஷச் சட்டத்தின் 35-வது பிரிவு இதற்கு வேறு வார்த்தை வைத்திருக்கிறது. சின்னம் காணாமல் போனது என்று அதில் வராது. தேசிய முக்கியத்துவம் இழந்துவிட்டது என்றுதான் வரும்.