கல்லாவுக்கு எல்லா பாஷையும் தெரியும்

சோழவரம் தாண்டி கும்மிடிப்பூண்டி பக்கம் போகிறபோது, ஜி.என்.டி. ரோடின் இரண்டு பக்கமும் இருக்கிற போர்டுகளை மட்டும் படித்துக்கொண்டே போய்ப் பாருங்கள். ஓசியில் ஒரு மொழியியல் வகுப்பு! தமிழும் இங்கிலீஷும் சரி. ஆந்திர எல்லை நெருங்க நெருங்க தெலுங்கு எட்டிப் பார்க்கும். சிப்காட்டைச் சுற்றி ஹிந்தி. செல்போன் ரீசார்ஜ், ஊருக்குப் பணம் அனுப்புவது, ரயில் டிக்கெட், ரொட்டி கிடைக்கும் மெஸ்... எழுதியவர் நம்மூர் ஆள் என்பது எழுத்தின் நடுக்கத்திலேயே தெரியும். ஆனாலும் விஷயம் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

இதில் மொழிப் பற்றும் இல்லை, மொழித் திணிப்பும் இல்லை. ரீசார்ஜ் கடைக்காரருக்கு ஹிந்தி மேல் காதலும் கிடையாது, கோபமும் கிடையாது. வாடிக்கையாளர் படிக்கவேண்டும், அவ்வளவுதான்.

ஒரு வியாபாரம் எதற்காகப் பல மொழிகளில் அச்சடிக்கிறது? பி.காம். மூளைக்கு மூன்று காரணங்கள் தோன்றுகின்றன. ஒன்று, விற்க. இரண்டு, சட்டத்துக்காக. மூன்று, படிக்கிறவன் உயிரோடு இருக்க. இந்த வரிசையை வேண்டுமென்றேதான் இப்படிப் போட்டிருக்கிறேன்.

முதல் காரணத்தில் நம் ஆட்கள் கில்லாடிகள். செங்குன்றம் வட்டாரம் ரைஸ் மில்களுக்குப் பேர்போனது. ஒரே அரிசிப் பையில் தமிழ், தெலுங்கு, இங்கிலீஷ் மூன்றும் இருந்தால், அதையே சென்னைக்கும் அனுப்பலாம், தடாவுக்கும் அனுப்பலாம். தமிழ்ப் பை தீர்ந்துபோய் தெலுங்குப் பை குடோனில் தூங்குகிற தலைவலி கிடையாது. மை கொஞ்சம் கூடச் செலவாகும். ஸ்டாக் மிச்சம். சிம்பிள் கணக்கு.

இரண்டாவது, சட்டம். கடையின் பெயர்ப்பலகை விஷயத்தில் தமிழ்நாடு அரசு கறார். தமிழ் முதலில், பெரிதாக. அப்புறம் இங்கிலீஷ், அப்புறம் மற்ற மொழி. 5:3:2 என்று விகிதமே உண்டு. ஆனால் கடைக்குள்ளே போய் ஒரு பாக்கெட்டைக் கையில் எடுங்கள். விலை, எடை மாதிரி கட்டாயத் தகவல்கள் ஹிந்தியிலோ இங்கிலீஷிலோ இருந்தால் போதும் என்கின்றன 2011-ம் வருடத்து சட்ட அளவியல் விதிகள். மற்ற மொழிகளையும் சேர்க்கலாம். தடையில்லை, கட்டாயமும் இல்லை. விளைவு? பிஸ்கட்டின் பெயரை தமிழில் போட கம்பெனிகளுக்கு மனசு வருகிறது. காலாவதி தேதி பக்கம் தமிழ் வருவது அபூர்வம். பெயர் விற்கும். தேதி விற்காதே!

பூச்சிமருந்து மட்டும் விதிவிலக்கு. ஹிந்தி, இங்கிலீஷோடு அந்தந்த வட்டார மொழியும் வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அதனால் டப்பாவோடு ஒரு மடித்த காகிதம் வரும். பிரித்தால் மினி போர்வை சைஸுக்கு விரியும். அத்தனை லிபிகளுக்கு நடுவே தமிழைத் தேடிக் கண்டுபிடித்தால், எழுத்து எறும்பு சைஸில் இருக்கிறது. பொன்னேரிப் பக்கத்து விவசாயி வயலுக்கு லென்ஸ் எடுத்துப்போவாரா என்ன? சட்டம் திருப்தி. படிக்கவேண்டியவர் அம்போ. அந்த டப்பாவில் நிஜமாகவே பேசுவது ஒன்றுதான்: கலர். சிவப்பு என்றால் கொடிய விஷம், அப்புறம் மஞ்சள், நீலம், பச்சை என்று வீரியம் இறங்கும். எந்த பாஷைக்காரருக்கும் புரியும். அதை யோசித்தவருக்கு ஒரு சல்யூட்.

இப்போது மூன்றாவது காரணம். ஃபேக்டரி கேட்.

1948-ம் வருடத்து தொழிற்சாலைகள் சட்டத்தில் 108-வது பிரிவு என்று ஒன்று இருந்தது. அறிவிப்புகள் இங்கிலீஷிலும், 'பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரியும் ஒரு மொழியிலும்' இருக்கவேண்டும் என்றது. எழுதின காலத்தில் நல்ல யோசனை. அன்றைக்குப் பெரும்பாலான ஆலைகளில் சுற்றுவட்டார ஜனங்கள்தான் வேலை பார்த்தார்கள்.

இன்றைக்கு கும்மிடிப்பூண்டியில் ஒரு ஷெட்டை கற்பனை செய்துகொள்ளுங்கள். 100 பேர். 40 தமிழ், 30 ஹிந்தி, 20 ஒடியா, 10 வங்காளம். இதில் பெரும்பான்மை யார்? ஒருத்தரும் இல்லை! சரி, தமிழில் எழுதி மாட்டியாகிவிட்டது என்று வையுங்கள். மீதி 60 பேர் அந்த போர்டை காலண்டர் படம் மாதிரி பார்த்துவிட்டுப் போவார்கள். ஃபர்னஸுக்கும் பிரஸ் மெஷினுக்கும் பெரும்பான்மை, சிறுபான்மை தெரியாது. எந்த பாஷைக்காரரின் கையானாலும் நசுங்கும்.

2025 நவம்பரில் பழைய சட்டங்கள் போய் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்துவிட்டன. சட்டம் மாறியதால் மட்டும் சுவரில் இருக்கும் போர்டு மாறிவிடாது.

மொழி அவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்பவர்களுக்கு 1984 டிசம்பர், போபால். அந்த ஆலையின் கையேடுகள் இங்கிலீஷில் இருந்தன. இயக்கிய தொழிலாளர்கள் பலருக்கு அந்த இங்கிலீஷ் எட்டவில்லை. விபத்துக்கு அது மட்டுமே காரணம் இல்லைதான். ஆனால் புரியாத எச்சரிக்கை எச்சரிக்கையே இல்லை.

பக்கத்திலேயே, எண்ணூரில், 2025 செப்டம்பர் 30 அன்று அனல் மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து 9 தொழிலாளர்கள் இறந்தார்கள். எல்லோரும் வெளிமாநிலத்துக்காரர்கள். அதற்கு மொழி காரணம் என்று சொல்லவில்லை. இந்த வட்டாரத்தில் ஆபத்தான உயரங்களில் ஏறி நிற்பவர்கள் யார் என்பதைத்தான் சொல்கிறேன்.

சிங்கப்பூர் போனவர்கள் கவனித்திருப்பீர்கள். கட்டடம் கட்டும் இடங்களில் சிவப்பு போர்டு: இங்கிலீஷ், சீனம், மலாய், கூடவே 'அபாயம்' என்று தமிழ். அதைப் பார்த்துப் பூரித்துப்போய் போட்டோ எடுத்துக்கொள்வோம். தமிழ் அங்கே ஆட்சிமொழி, அதனால் பெருமை நியாயம்தான். ஆனால் கட்டுமான வேலைக்கு வருபவர்களுக்கான பாதுகாப்புப் பயிற்சி அங்கே வங்காளத்திலும் உண்டு. வங்காளம் அங்கே ஆட்சிமொழி இல்லை. வேலைக்கு வந்தவனின் மொழி, அவ்வளவுதான்.

புதுக்கோட்டையிலிருந்து சிங்கப்பூர் போன நம்ம பையனுக்குக் கிடைப்பது, ஒடிசாவிலிருந்து கும்மிடிப்பூண்டி வந்த பையனுக்குக் கிடைக்கவேண்டாமா? அவனுக்கு ரீசார்ஜ் விற்க அவன் பாஷை தேடிப்போகிறோம். 'இந்த ஸ்விட்சைத் தொடாதே' என்று சொல்ல மட்டும் நம் பாஷை போதுமா?

செலவு என்று சொல்லாதீர்கள். ஆயுத பூஜைக்கு எம்.டி. படத்தோடு அடிக்கிற ஃபிளெக்ஸ் காசில் பாதி போதும். அச்சுக்கு அனுப்பும் முன், அந்த ஷிஃப்டில் இருக்கிற ஒடியாக்காரத் தம்பியைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அவர் முழித்தால், திரும்ப எழுதுங்கள்.