பேட்டை தயாரா, ஸ்டேஷன் தயாரா?

ரயில்வே ஸ்டேஷனைச் சுற்றி ஊரை வளர்ப்பது பற்றிய அறிக்கைகளில் 'தயார்நிலை மதிப்பீடு' என்று ஒரு அத்தியாயம் பெரும்பாலும் இருக்கும். முறை எளிமையானது. ஸ்டேஷனை நடுவில் வைத்து மேப்பில் ஒரு வட்டம் போடுவார்கள். நம் மத்திய அரசின் 2017 கொள்கை 500 முதல் 800 மீட்டர் வரை என்கிறது. வட்டத்துக்குள் எத்தனை பேர், எத்தனை கடை, நடைபாதை இருக்கிறதா, காலி நிலம் எவ்வளவு என்று எண்ணி மார்க் போடுவார்கள். மார்க் அதிகமென்றால் பேட்டை 'தயார்', எஃப்.எஸ்.ஐ.யை ஏற்றலாம்.

இதில் பரீட்சை எழுதுவது எப்போதும் பேட்டைதான். ஸ்டேஷனை யாரும் கேள்வி கேட்பதில்லை. என் முக்கியமான ஆட்சேபம் இதுதான்.

பரவலாகப் பயன்படும் அளவுகோலான ஐ.டி.டி.பி.யின் டி.ஓ.டி. ஸ்டாண்டர்டை எடுத்துக்கொள்வோம். எட்டுத் தலைப்புகள், மொத்தம் 100 மார்க். நல்ல விஷயங்கள் நிறைய உண்டு. உயரமாகக் கட்டினால் போதும் என்று அது சொல்வதில்லை, நடப்பவருக்குத்தான் முதலிடம். 2017 பதிப்பில் எளியவர்களுக்குக் கட்டுப்படியாகும் வீடுகளுக்கும் மார்க் உண்டு. ஆனால் பொதுப்போக்குவரத்து என்ற தலைப்புக்கு மட்டும் மார்க் கிடையாது. நடக்கும் தூரத்தில் ஸ்டேஷன் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை, தேறினால் சரி. தெருவையும் கட்டடத்தையும் பார்ப்பது அதன் நோக்கம், அதில் தப்பில்லை. அதை மட்டுமே வைத்து ஒரு ஸ்டேஷன் பகுதியின் எதிர்காலத்தைக் கணிப்பதுதான் தப்பு.

சென்னை பறக்கும் ரயிலை வைத்துப் பார்த்தால் இது புரியும். 1995இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை, 1997இல் திருமயிலை வரை, 2007இல் வேளச்சேரி வரை வந்த தடம் அது. மயிலாப்பூருக்கு மார்க் போட்டுப் பாருங்கள். மாட வீதிகள், சின்னச் சின்ன சந்துகள், கீழே கடை மேலே வீடு, நடந்து போகும் தூரத்தில் பள்ளிக்கூடம், மார்க்கெட். ரயில் வருவதற்கு முன்பே அள்ளிக் குவித்திருக்கும். அப்படியும் எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. கடைகளுக்கு வாடகைக்கு விடலாம் என்று கட்டிய பிரம்மாண்டமான ஸ்டேஷன் கட்டடங்கள் வருஷக்கணக்கில் வெறிச்சோடிக் கிடந்தன.

கோளாறு பேட்டையில் இல்லை. திருமயிலைக்கு வந்த ரயில் ஆறு வருஷத்துக்கு மேல் அங்கேயே நின்றது. தெற்கே போகிறவருக்கு அதனால் பயனில்லை. பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டியே தடம் போட்டதால் ஸ்டேஷன்கள் பல இடங்களில் ஊருக்கு முதுகுப்பக்கமாக எழும்பின. பஸ் வாசலுக்கே வந்தது; ரயிலுக்கு மாடி ஏற வேண்டும், டிக்கெட்டும் தனி. வேளச்சேரியிலிருந்து சுமார் 5 கி.மீ. தள்ளியிருக்கும் பரங்கிமலையோடு இணைய, தடம் பதினைந்து வருஷத்துக்கு மேல் காத்திருந்தது. இன்னொரு உதாரணம், முண்டகக்கண்ணியம்மன் கோயில் ஸ்டேஷன். ரயில் அந்தத் தெருக்களைத் தாண்டி ஓடத் தொடங்கியது 1997இல். ஸ்டேஷன் திறந்தது 2014இல். பேட்டை 17 வருஷம் தயாராகவே காத்திருந்தது.

இரண்டையும் சேர்த்து அளக்கும் முறை இல்லாமல் இல்லை. லூக்கா பெர்டோலினி 1999இல், நெதர்லாந்தை வைத்து, ஒரு மாதிரியை முன்வைத்தார். ஒரு அச்சில் ஸ்டேஷன் எவ்வளவு இடங்களோடு இணைகிறது என்பது. இன்னொரு அச்சில் சுற்றுப்புறம் எவ்வளவு உயிரோட்டமாக இருக்கிறது என்பது. இரண்டும் சமமாக இல்லாத இடம் உடனே கண்ணில் படும். அன்றைய மயிலாப்பூர் அப்படித்தான் தெரிந்திருக்கும்: இடம் வலு, இணைப்பு பலவீனம். அங்கே எஃப்.எஸ்.ஐ. ஏற்றியிருந்தால் கார்தான் கூடியிருக்கும்.

அடுத்தது வட்டம். காக்கை பறக்கும் தூரத்தில் மனுஷன் நடப்பதில்லை. நடுவே கால்வாய், காம்பவுண்டு சுவர், கடக்க முடியாத சாலை என்று எது வந்தாலும் 500 மீட்டர் ஒன்றரை கிலோமீட்டர் ஆகிவிடும். தரமணிப் பக்கம் வளாகங்களின் கேட் எந்தத் திசையில் திறக்கிறது என்பதே பாதித் தூரத்தைத் தீர்மானிக்கும். வட்டத்துக்குப் பதில் பத்து நிமிஷ நடையில் எங்கெல்லாம் போகலாம் என்று வரைவது ஒன்றும் பெரிய வேலை இல்லை.

கடைசியாக, 'காலி நிலம்' என்ற கணக்கு. வேளச்சேரியை ஒட்டிய சதுப்புப் பகுதி மேப்பில் காலியாகத் தெரியலாம். 2015இல் தண்ணீர் எங்கே நின்றது என்று அந்த ஊர்க்காரர்களைக் கேளுங்கள். அந்த எட்டுத் தலைப்புகளில் வெள்ளம் இல்லை. கால்வாயோரக் குடிசைகளையும் 'சரியாகப் பயன்படாத நிலம்' என்று எழுதிவிடுவது சுலபம். நீர்வழிக் கரைகளில் இருந்த எத்தனையோ குடும்பங்கள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி என்று அனுப்பப்பட்டன. அனுப்பியபோது அங்கே ரயில் கிடையாது. கார் இல்லாத, ரயிலில் நிச்சயம் ஏறக்கூடிய ஆட்களை ரயிலிடமிருந்து தள்ளி வைத்துவிட்டு, அந்த நிலத்தைத் 'தயார்' என்று எழுதினால் அது யாருக்கான தயார்நிலை?

இப்போது அதே திருமயிலையில் மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கான பாதாள ஸ்டேஷன் வருகிறது. இரண்டு தடங்கள் அங்கே சந்திக்கும். பறக்கும் ரயிலும் பக்கத்திலேயே. தயார்நிலை அறிக்கை எழுதுகிறவர்கள் மாட வீதிகளின் மக்கள்தொகையை எண்ணுவதற்கு முன், பாதாளத்திலிருந்து பறக்கும் ரயில் பிளாட்பாரத்துக்கு ஒரு வயதானவர் போய்ச்சேர எத்தனை நிமிஷம், எத்தனை படி, எத்தனை டிக்கெட் என்று எழுதட்டும். அந்தப் பதிலைப் பார்த்துவிட்டு எஃப்.எஸ்.ஐ. பற்றிப் பேசலாம்.