இரண்டு கேபியின் கைப்பக்குவம்

மம்சாபுரத்துக்கு மேற்கே, சிக்னல் எட்டாத ஒரு மலையடிவாரத் தோப்பில் மண்ணின் ஈரத்தை மணிக்கொரு தரம் குறித்துவைக்க வேண்டுமா? ஓர் ஆர்டுவினோ ஊனோ ஆர்3 போர்டு, ஒரு சென்சார், நேரம் சொல்ல டிஎஸ்3231 கடிகாரம், எழுதிவைக்க மெமரி கார்டு. இவ்வளவு போதும். சென்னை ரிச்சி தெருவில் எல்லாமே கிடைக்கும். கிருஷ்ணன்கோவிலிலும் ராஜபாளையத்திலும் இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளைகளின் பைகளில் பாதி ஏற்கெனவே கிடக்கும். சாமான் எல்லாருக்கும் ஒன்றுதான். பக்குவம்தான் கைக்குக் கை மாறும்.

முதலில் வயரிங்கைப் பாருங்கள். ஊனோவின் பின்கள் 5 வோல்ட்டில் பேசும், கார்டு 3.3 வோல்ட் ஆள். நடுவில் வோல்ட்டைக் குறைக்கும் சிப் இல்லாமலே செருகினாலும் சில நாள் ஓடிவிடும். அதுதான் வம்பு. நல்ல கை அந்தச் சிப் இருக்கிறதா என்று பார்த்துத்தான் கார்டு அடாப்டர் வாங்கும். 10 முதல் 13 வரையுள்ள பின்களில் குட்டை குட்டையாக நான்கு வயர், நிறத்துக்கு ஒன்று.

அடுத்தது, கார்டை எழுப்பும் விதம். மின்சாரம் கொடுத்ததும் அது பேசத் தயாராகிவிடாது. சிஎஸ் (சிப் செலக்ட்) கம்பியை உயர்த்தி வைத்துக்கொண்டு, கடிகாரக் கம்பியில் குறைந்தது 74 துடிப்பாவது அனுப்ப வேண்டும். பிறகு சிஎஸ்ஸை இறக்கி முதல் கட்டளை. கார்டு '1' என்று பதில் தந்தால் விழித்துக்கொண்டது என்று அர்த்தம். அது முழுசாகத் தயாராகும்வரை வேகம் 400 கிலோஹெர்ட்ஸைத் தாண்டக் கூடாது. தூங்குகிற பெரியவரை எழுப்புகிற அதே மரியாதை. லாஜிக் அனலைசரை மாட்டினால் இதைத் திரையில் அலையலையாகப் பார்க்கலாம், பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

கார்டு 512 பைட் துண்டுகளாகத்தான் வாங்கும், கொடுக்கும். ஊனோவுக்கு இருக்கிற மொத்த ராம் 2048 பைட், அதாவது இரண்டு கேபி. ஒரு துண்டை வைத்துக்கொள்ளவே அதில் கால்வாசியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு மிச்சத்தில் குடித்தனம் நடத்த வேண்டும்.

எழுதுகிற வரி உடனே கார்டுக்குப் போய்விடாது. அந்த 512 பைட்டில் காத்திருக்கும். ஃபைலை மூடாமல் விட்டுவைத்தால், பேட்டரி தீர்ந்த அன்று ஒரு வாரக் கணக்கு பூஜ்யம் பைட்டாக நிற்கும். ஒவ்வொரு வரிக்கும் ஃப்ளஷ் (காத்திருப்பதை உடனே கார்டில் எழுதச் சொல்லும் கட்டளை) கொடுத்தால் பத்திரம். ஆனால் கார்டு எழுதும்போதெல்லாம் பேட்டரியை உறிஞ்சும். மணிக்கொரு அளவு என்றால் வரிக்கு வரி ஃப்ளஷ் சரி. நொடிக்கு நூறு என்றால் கட்டாது. எவ்வளவு இழந்தால் பரவாயில்லை என்று முன்கூட்டியே தீர்மானிப்பவருக்கே இந்தக் கலை வசப்படும்.

எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் ஃபைலின் பெயர். ஆர்டுவினோவின் எஸ்டி லைப்ரரி எட்டு எழுத்துக்கு மேல் பெயர் ஏற்காது. வருடத்துக்கு நான்கு, மாதத்துக்கு இரண்டு, தேதிக்கு இரண்டு: 20241105. சரியாக எட்டு! நாளுக்கொரு ஃபைல், கம்ப்யூட்டரில் பெயர்வாரியாக அடுக்கினால் தேதி வரிசை தானாக வந்துவிடும்.

2021இல் வந்த ராஸ்பெர்ரி பை பைக்கோவில் இந்தப் பாடு பாதி குறைவு. அதுவே 3.3 வோல்ட், பூட்செல் பட்டனை அழுத்தியபடி கேபிளைச் செருகினால் கம்ப்யூட்டரில் பென் டிரைவ் போலத் தெரியும். ராமும் 264 கேபி. ஆனால் எந்தப் போர்டானாலும் என் உரைகல் ஒன்றுதான். தோப்புக்காரர் கார்டைக் கழற்றி, ராஜபாளையத்தில் ஏதோ ஒரு கம்ப்யூட்டரில் போட்டு, எக்செல்லில் தானே திறந்து படிக்க வேண்டும். செய்தவருக்கு ஒரு போன் போட வேண்டியிருந்தால், வேலை இன்னும் முடியவில்லை.