வார்த்திகன் வழக்கும் முறையின் நிறைவும்

சிலப்பதிகாரத்தில் முறைபிழைத்தல் என்றவுடன் கோவலன் கொலையும் பாண்டியன் நெடுஞ்செழியன் வீழ்ந்துபட்டமையுமே நினைவிற்கு வருகின்றன. தவறுணர்ந்த மன்னன் உயிர்துறந்தமையால் வளைந்த கோல் நிமிர்ந்தது என்பர். அவன் உள்ளத்தின் மாண்பை யாமும் மறுத்திலம். ஆயின், அவ்விறப்பால் கண்ணகி பெற்றது யாது? இவ்வினாவிற்கு விடை காணக் கட்டுரை காதையில் மதுராபதி கூறும் வார்த்திகன் வரலாறு துணைசெய்கின்றது. அதனை வெறும் கிளைக்கதையெனக் கடந்து செல்லுதல் பொருந்தாது.

வார்த்திகனின் இளமகன் தக்கிணன் மறை பிழையாது ஓதினமைக்குப் பராசரன் என்பான் அணிகலன்களைப் பரிசளித்தான். அது பொறாத காவல் இளைஞர், புதையல் கவர்ந்தான் எனத் தந்தையைச் சிறையிட்டனர். மனைவி கார்த்திகை அழுது அரற்றினாள். ஐயை கோயிற் கதவும் திறவாதாயிற்று. ஆராய்ந்து உண்மை தெளிந்த பாண்டியன் வார்த்திகனை விடுவித்தான். பிழை தன் ஆட்சியினது என ஏற்றுப் பொறுத்தருள வேண்டினான். திருத்தங்காலும் வயலூரும் வழங்கி நிலமுற வணங்கினான். அதன்பின்னரே கதவு திறந்தது. மேலும், சிறைக்கோட்டங்களைத் திறப்பித்து, புதையல் கண்டார்க்கே உரியது எனவும் முரசறைவித்தான். காவலர் ஒறுக்கப்பட்டதாகக் காப்பியம் கூறவில்லை.

இங்கு முறை நிறைவுறுவது ஒறுத்தலால் அன்று. தீங்குற்றானுக்கு இழந்தது மீள்வதாலும், அத்தீங்கிற்கு இடனாய வழக்கு திருந்துவதாலுமே ஆகும்.

இவ்வளவுகோல் கொண்டு ஏனைய இரண்டனையும் நோக்குவாம். நெடுஞ்செழியன் தன்னையே ஒறுத்துக்கொண்டான். கண்ணகிக்கு மீட்டளித்தது ஒன்றுமில்லை. அளித்தற்கும் இயலாது, கொலைத்தண்டம் திருத்தத்தின் வாயிலையே அடைத்துவிட்டது. அவனுக்குப் பின்வந்த வெற்றிவேற்செழியனோ பொற்கொல்லர் ஆயிரவரைக் கொன்று கண்ணகிக்குச் சாந்தி செய்தான் என உரைபெறு கட்டுரை கூறும். குற்றம் ஒருவனது, உயிரிழந்தோர் ஆயிரவர். இதனை முறையென யாம் கொள்ளோம்.

பாண்டியர் செங்கோன்மையை நிறுவவே மதுராபதி வார்த்திகன் கதையைக் கூறினாள். கணவனை இழந்து கேட்டு நிற்கும் கண்ணகிமுன் அதுவே நெடுஞ்செழியன் தீர்ப்பை அளக்கும் கோலாகிவிடுகின்றது. காப்பியத்தின் நுட்பம் ஈண்டே உளது.

இந்தியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் தீங்குற்றார்க்கு இழப்பீடு வழங்கும் திட்டம் 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தாலேயே இடம்பெற்றது. 2023ஆம் ஆண்டின் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் அதனைத் தொடர்கின்றது. குற்றவாளிக்கு யாது தண்டம் என்பதோடு, தீங்குற்றார்க்கு யாது கடன் என்பதனையும் வினவுதல் வேண்டும். வார்த்திகன் வழக்கு அவ்வினாவைத் தமிழ்க் காப்பியத்துள்ளேயே எழுப்பி நிற்கின்றது.