'அந்த நாள்': சுட்டது யார்? சுடப்பட்டவன் யார்?

அண்மையில் ஒரு ஞாயிறு மாலை, கொட்டாரத்தில் நண்பர் ஒருவரின் இல்லத்தில் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடி, 'அந்த நாள்' என்னும் பழைய திரைப்படத்தைப் பார்த்தோம். படம் முடிந்து விளக்கைப் போட்ட பின்னும் ஒருவரும் எழுந்து செல்லவில்லை. "அவனைச் சுட்டது சரிதானா?" என்று ஓர் அம்மையார் கேட்டார். அதற்கு விடை தேடப் புகுந்த நாங்கள் இரவு உணவு வேளை கடந்தும் கலையவில்லை. துப்பறியும் கதைகள் பொதுவாக இப்படி நம்மைப் பிடித்து வைப்பதில்லை. கொலையாளி இன்னார் என்று தெரிந்ததும் நம் ஆர்வம் அடங்கிவிடும். இந்தப் படத்திலோ, அது தெரிந்த பின்னர்தான் வழக்கே தொடங்குகிறது.

வீணைக் கலைஞராகவும் புகழ்பெற்ற எஸ். பாலசந்தர் இயக்கி, ஏ.வி.எம். நிறுவனம் தயாரித்து, 1954 ஏப்ரலில் வெளிவந்த படம் இது. கதைவசனம் எழுதிய ஜாவர் சீதாராமனே துப்பறியும் அதிகாரியாகவும் நடித்தார். பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. தமிழில் பாடலே இல்லாமல் வந்த முதல் படம் இதுதான். எங்களோடு அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் இதைச் சிறுவயதில் நாகர்கோவிலில் ஒரு கொட்டகையில் பார்த்தவர். "பாட்டு வரும், பாட்டு வரும் என்று காத்திருந்தே படம் முடிந்துவிட்டது, ஏமாற்றிவிட்டார்கள் என்று பேசிக்கொண்டே வீடு வந்தோம்" என்று சொல்லிச் சிரித்தார். அவர் ஒருவரின் கருத்தன்று அது. படம் முதலில் வணிக வெற்றி பெறவில்லை. தேசிய விருதுகளில் தகுதிச் சான்றிதழ் பெற்றபின் மீண்டும் திரையிட்டபோதுதான் மக்கள் அதை நாடி வந்தனர்.

கதை 1943 அக்டோபரில், ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு வீசிய நாளையொட்டி நிகழ்கிறது. வானொலிப் பொறியாளன் ராஜன் தன் வீட்டிலேயே சுடப்பட்டுச் சாகிறான். விசாரணை தொடங்குகிறது. அண்டை வீட்டுக்காரர் சின்னையா, தம்பி பட்டாபி, அவன் மனைவி ஹேமா, ராஜனோடு தொடர்புடைய அம்புஜம், மனைவி உஷா ஆகிய ஐவரும் ஐயத்துக்கு உள்ளாகின்றனர். ஒருவர் மற்றவரைச் சுட்டிக்காட்ட, அவரவர் சொல்லுக்கேற்பக் கொலை நடந்த விதமும் மாறுகிறது. இறுதியில் உஷா உண்மையை வெளியிடுகிறாள்: ராஜன் ஜப்பானுக்காக வேலை செய்த ஒற்றன், அவனைத் தடுக்கத் துப்பாக்கியை நீட்டியவள் அவளே.

இந்த அமைப்புக்குத் தூண்டுதல் ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் 'ராஷோமோன்' (1950). ஆனால் இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. குரோசாவாவின் படத்தில் பலரும் பலவிதமாகச் சொல்கின்றனர். எது உண்மை என்பது கடைசிவரை உறுதியாவதில்லை. பாலசந்தரோ உண்மையைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறார். சொன்ன மாத்திரத்தில், அதுவரை நாம் யாருக்காக இரங்கினோமோ அவனே குற்றவாளி ஆகிவிடுகிறான். செத்தவன் யார் என்பதே மாறிவிடுவதுதான் இப்படத்தின் உண்மையான திருப்பம். சிவாஜி கணேசனும் பண்டரிபாயும் இணைந்து நடித்த 'பராசக்தி'யை 1952-இல் பார்த்து நெகிழ்ந்திருந்த மக்களுக்கு இது எவ்வளவு பெரிய அதிர்ச்சியாக இருந்திருக்கும்! நீதிமன்றத்தில் சமுதாயத்தையே குற்றவாளியாக்கிப் பேசிய அந்த நாயகன், இங்கே தானே கூண்டில் நிற்கிறான்.

எங்கள் கூட்டத்தில் கருத்துகள் மூன்றாகப் பிரிந்தன. இராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர், "துரோகிக்கு வேறென்ன முடிவு?" என்றார். அவரைப் பொறுத்தவரை உஷா வீரப்பெண். கேள்வி கேட்ட அம்மையாருக்கோ அது ஏற்கவில்லை. கணவனின் வழி தவறென்று கண்டவள், காவல்துறைக்குச் சொல்லியிருக்கலாமே என்பது அவர் வாதம். மூன்றாவது கருத்தைச் சொன்னவர் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். "1943-இல் நாடு யாருடையதாக இருந்தது?" என்று அவர் கேட்டதும் எல்லோரும் அமைதியானோம்.

அவர் நினைவூட்டியது வக்கம் அப்துல் காதரின் வரலாறு. காதர் திருவனந்தபுரத்துக்கு வடக்கே உள்ள வக்கத்தில் பிறந்தவர். அந்நாளில் வக்கமும் நம் கொட்டாரமும் ஒரே திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தவை. பினாங்கில் பயிற்சி பெற்று, இந்திய விடுதலைக்காகவென்று ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில் வந்து, 1942 செப்டம்பரில் மலபார்க் கரையிலுள்ள தானூரில் இறங்கினார், இறங்கியதும் பிடிபட்டார். பகைவரின் ஒற்றர் என்று ஆங்கில அரசு அவரைக் குற்றவாளியாக்கி, 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில் தூக்கிலிட்டது. அப்போது அவருக்கு வயது 26. இன்று அவரை நாம் தியாகி என்கிறோம். திரையில் ராஜன் துரோகியாகச் செத்து விழுவது, அதே சென்னையில், அதற்கு அடுத்த மாதம்!

அப்படியானால் ராஜனும் தியாகியா? இல்லை என்பதே என் எண்ணம். மலிவான வானொலிக் கருவி ஒன்றை அவன் கண்டுபிடிக்கிறான். அரசு ஆதரவு தரவில்லை. அந்தக் கசப்பில் அவன் தன் அறிவை அயலாருக்கு விற்கிறான். காதர் தம்மையே கொடுத்தார்; ராஜன் பிறரின் உயிரை விலைபேசினான். இருவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆயினும், படம் இந்த இடத்தில் ஒரு கடினமான கேள்வியைத் தவிர்த்துவிட்டது என்பதை மறுப்பதற்கில்லை. ராஜன் பணத்துக்காகவும் வன்மத்துக்காகவும் அன்றி, கொள்கைக்காகவே ஒற்றனாகியிருந்தால் உஷா என்ன செய்திருப்பாள்? விடுதலை பெற்ற நாட்டின் கண்ணோடு 1943-ஐப் பார்த்ததால், 'நாடு', 'அரசு' என்ற இரண்டும் அன்று வேறுவேறாக இருந்ததைப் படம் மறந்துவிடுகிறது.

இரண்டாவது தவிர்ப்பு இன்னும் முக்கியமானது. கணவன் கெஞ்ச, உஷாவின் மனம் இளகுகிறது. அவ்வேளையில் வெளியே குண்டு விழும் ஓசை கேட்டு அதிர, கைத்துப்பாக்கி வெடித்துவிடுகிறது. "அவள் சுடவில்லை, கை தவறிவிட்டது" என்று எங்களில் சிலர் ஆறுதல் அடைந்தனர். அங்கிருந்த கல்லூரி மாணவி ஒருத்தி, "அவள் தெரிந்தே சுட்டதாகக் காட்ட இயக்குநருக்குத் துணிவு வரவில்லை" என்றாள். அவள் சொன்னதே சரி என்று நினைக்கிறேன். மனச்சான்று முடிவெடுக்க வேண்டிய கணத்தில் தற்செயல் வந்து முடிவெடுத்துவிடுகிறது. உஷாவின் கைகளோடு சேர்த்து நம் கைகளையும் இயக்குநர் கழுவிவிடுகிறார்.

இக்குறைகள் இருந்தும் படம் இத்தனை ஆண்டுகள் நிலைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. நாம் எவ்வளவு விரைவாக இரங்குகிறோம், எவ்வளவு விரைவாக வெறுக்கிறோம் என்பதை அது நமக்கே காட்டுகிறது. முதற்காட்சியில் வீழ்ந்தவனுக்காக 'ஐயோ' என்ற அதே வாய், இறுதியில் 'வேண்டும்' என்கிறது. இடையில் நாம் அவனைப் பற்றி அறிந்தவை எல்லாம் பிறர் வாய்மொழிகளே. அவரவர் சுட்டிய விரலில் அவரவர் மனமே தெரிந்தது. நம் தெருக்களிலும் ஒருவரைப் பற்றிய தீர்ப்புகள் பெரும்பாலும் இப்படித்தானே உருவாகின்றன?

விடைபெறும் வேளையில் அந்த அம்மையார் வாசற்படியில் நின்று, "எல்லாரும் அவனைப் பற்றியே பேசினோம். அவள் இனி யாரிடம் போய் அழுவாள்?" என்று கேட்டார். கணவனை இழந்தவள் அழலாம். கணவனைச் சுட்டவள் அழக்கூட உரிமையற்றவள். படம் அவள் வாக்குமூலத்தைக் கேட்டது. அவள் துயரத்தைக் கேட்கவில்லை. எங்களில் எவரிடமும் அம்மையாரின் கேள்விக்கு விடை இல்லை.