ஆய்வுக் கருவியும் ஆய்வாளர் உரிமையும்

சொல்லடைவு தொகுத்தற்கும் பாடவேறுபாடு ஒப்பிடுதற்கும் இந்நாளில் கணிப்பொறி பெரிதும் உதவுகின்றது. அவ்வுதவியைப் பெறும் வழிகள் இரண்டு. கட்டற்ற மென்பொருளைத் தம் கணிப்பொறியில் நிறுவிக்கொண்டு நூலைத் தாமே ஆராய்தல் ஒன்று. பிறர் நடத்தும் இணையச் சேவையில் சொல்லை இட்டு விடை பெறுதல் மற்றொன்று. இரண்டும் விலையின்றிக் கிடைத்தலின் வேறுபாடு இல்லை என்பர் சிலர். அக்கருத்துப் பொருந்துமா என்பது ஈண்டு ஆராயப்படும்.

ஆங்கிலத்தில் விலையின்மையும் உரிமையும் ஒரு சொல்லாற் குறிக்கப்படுதலின் மயக்கம் நேர்ந்தது. தமிழில் இலவசம் வேறு, கட்டின்மை வேறு. 1983-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டம் நாடியது பின்னதையே. நிரலை இயக்கவும், பயின்று திருத்தவும், படியெடுத்து வழங்கவும் உள்ள உரிமையே அது. இணையச் சேவையின் நிரலோ பிறர் பொறியில் இயங்குவது. நேற்று இருந்தவாறே இன்றும் உளதா எனப் பயன்கொள்வார் அறிதல் அரிது.

இதனால் ஆய்வுக்கு வரும் இடர் யாது? உத்திரமேரூர்ப் பகுதியிலுள்ள மாகறல், ஞானசம்பந்தர் பாடல் பெற்ற தலம். அப்பதிகம் மூன்றாம் திருமுறையில் உளது. அதன்கண் வரும் ஒரு சொல் அத்திருமுறையில் எத்துணை இடங்களிற் பயில்கின்றது என ஒரு மாணவர் அறிய விழைகின்றார் எனக் கொள்வோம். மதுரைத் திட்டத்தின் கோப்பைத் தம்மிடம் வைத்து, லிபர்ஆபிஸ் போன்ற மென்பொருளால் தேடின், கொண்ட பாடத்தையும் தேடிய முறையையும் அவர் காட்டலாம். பின்வருவோர் அவ்வாறே தேடி உடன்படலாம், மறுக்கலாம். மாறும் சேவை தந்த எண்ணை அங்ஙனம் சோதித்தல் இயலாது. சோதிக்கவொண்ணாத எண் சான்றாகாது.

காப்பும் கருதத்தக்கது. தேவார ஏடுகள் தில்லையில் ஓர் அறையில் அடைபட்டுச் செல்லரித்தன எனத் திருமுறைகண்ட புராணம் கூறும். ஏடுகளில் மறைந்த திருவிடைவாய்ப் பதிகமோ கல்வெட்டில் இருந்தமையாற் கிடைத்தது. பூட்டிய ஓரறை காவாதது, வேறிடத்திருந்த ஒரு படியாற் பிழைத்தது. யாகூ நிறுவனம் ஜியோசிட்டிஸ் சேவையை 2009-இல் மூடியபொழுதும் படியெடுக்கப்படாத பக்கங்கள் மறைந்தன. மாறாக, 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்கள் திஸ்கி குறியேற்றத்திலிருந்து ஒருங்குறிக்கு மாற்றப்பெற்று இன்றும் பயில்கின்றன. கோப்புக் கைவசம் இருந்தமையே அம்மாற்றத்திற்கு இடந்தந்தது.

இணையச் சேவை பயனற்றது என்பது நம் கருத்தன்று. தனியொருவர் பொறியில் அடங்காப் பெருந்தொகுதியைத் தேடவும், கைப்பேசி ஒன்றே உடையார் நூல் காணவும் அது துணைசெய்யும். மதுரைத் திட்ட நூல்களும் இணையத்தின் வழியே நம்மை அடைகின்றன. ஆயின் நூல் வரும் வாயில் வேறு. முடிபு காணும் கருவி வேறு. நிறுவிய மென்பொருளாயினும் மூலநிரலைக் காட்டாது மறைப்பின் இக்குறை முற்றும் நீங்காது.

ஆகலின், இணையத்தில் தேடுக. கண்டதைக் கைவசமுள்ள பாடத்தில் கட்டற்ற மென்பொருளால் சரிபார்க்க. நூற்பதிப்போடு மென்பொருளின் பதிப்பெண்ணையும் ஆய்வேட்டிற் குறிக்க. பாடவேறுபாட்டை அடிக்குறிப்பில் காட்டுதலைப் பதிப்பாசிரியர் கடமையெனக் கொண்ட நமக்கு, இந்நெறி புதிதன்று.