கேப்பு மாறினால் தோட்டாவும் மாறும்

ரெமிங்டன் நிறுவனம் 1960-இல் பிளாஸ்டிக் கூடு கொண்ட ஷாட்கன் தோட்டாவை அமெரிக்கச் சந்தையில் இறக்கியது. அதன்பின் காகிதத் தோட்டா கடைகளிலிருந்து மெல்ல மெல்ல விடைபெற்றது. ஃபெடரல் நிறுவனம் 'கோல்டு மெடல்' என்ற பெயரில் இலக்குச் சுடுதலுக்காக அதைத் தொடர்ந்து செய்துவந்தது. மற்றபடி பழைய கூடுகள் இப்போது கிடைப்பது பண்ணைவீட்டுப் பரண்களிலும் ஏலங்களிலும்தான். அவற்றை வாங்கி, மருந்தும் தக்கையும் ரவையும் புதிதாக இட்டு, வாயை மடித்துச் சுடுவது ஒரு சிறு கூட்டத்தின் பிடிவாதமான பொழுதுபோக்கு. இதைப் புகழ்பவர்கள் மணத்தையும் மரபையும் பேசுகிறார்கள். இகழ்பவர்கள், ஊறிப்போன காகிதத்தோடு என்ன விளையாட்டு என்கிறார்கள். இரு தரப்பாரும் காகிதத்தையே பார்க்கிறார்கள். இந்தக் கைவேலையின் தலைவிதியைத் தீர்மானிப்பதோ அடியில் ஒட்டிக்கொண்டு மருந்தைப் பற்றவைக்கும் சிறு கேப்பு.

முதலில் நியாயமானதைச் சொல்லிவிடலாம். பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு இந்த வேலை வெறும் ஆசை அல்ல, தேவை. இரண்டாம் உலகப் போருக்கு முன்பு செய்யப்பட்ட 16 போர் (bore) குழல் அளவுள்ள துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறை 2 9/16 அங்குல நீளத்துக்கே கடையப்பட்டிருந்தது. இன்றைய தோட்டா 2¾ அங்குலம். அதை அந்த அறையில் இட்டுச் சுட்டால், விரியும் வாய் குழல் குறுகும் இடத்துக்குள் போய் நெருக்கும், அழுத்தம் ஏறும். காகிதக் கூட்டை அளவாக வெட்டி, மேலே அட்டைத் தக்கை வைத்து, விளிம்பை உள்நோக்கிச் சுருட்டி மூடினால் அந்தத் துப்பாக்கிக்கு ஏற்ற நீளம் கிடைக்கும். மருந்தும் மென்மையானதாக, குறைந்த அழுத்தம் தருவதாகத் தேர்ந்துகொள்ளலாம். கம்பளித் தக்கை, அட்டைத் தக்கை என்று முழுக்கப் பழைய முறையிலேயே போனால், சுட்ட இடத்தில் பிளாஸ்டிக் குப்பை சிதறிக் கிடக்காது என்பது இன்னொரு நல்ல விஷயம்.

மணத்தைப் பற்றி நான் வாதாடப் போவதில்லை. மெழுகு ஊறிய காகிதம் கருகும் வாசனை பிடித்தவர்களுக்குப் பிடிக்கும். ஆனால் "காகிதத் தோட்டாவில் உதை குறைவு" என்பதை அப்படியே ஏற்க முடியாது. ரவையின் எடை, மருந்தின் எடை, வெளியேறும் வேகம், துப்பாக்கியின் எடை ஆகியவைதான் உதையைத் தீர்மானிக்கின்றன. இவை மாறாதபோது கூடு காகிதமா பிளாஸ்டிக்கா என்பது தோளுக்குத் தெரிய வாய்ப்பு மிகக் குறைவு. உதை குறைந்ததாகச் சொல்பவர்கள் பெரும்பாலும் மருந்தையும் குறைத்திருப்பார்கள்.

காகிதத்தின் குறைகள் பழைய கைகாரர்களுக்குத் தெரிந்தவைதான். ஒவ்வொரு முறை சுடும்போதும் வாய் கருகிப் பிசிறும். பித்தளை விளிம்புக்குச் சற்று மேலே ஊசித்துளைகள் விழும். மழைக்காலத்தில் கூடு உப்பி அறைக்குள் நுழைய மறுக்கும். வாயை மெழுகில் தோய்த்துச் சில சுற்றுகள் கூடுதலாக ஓட்டலாம், அவ்வளவே. கண்ணுக்குத் தெரியாத ஆபத்து உள்ளே இருக்கிறது. கூட்டின் அடியில் அழுத்தி வைத்த அடித்தக்கை வயதாகித் தளர்ந்திருந்தால், சுடும்போது பெயர்ந்து குழலில் சிக்கக்கூடும். அதைப் பார்க்காமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் வீங்கலாம், வெடிக்கவும் செய்யலாம். வெளியே ஒரே மாதிரி தெரியும் இரண்டு கூடுகளில் அடித்தக்கையின் உயரம் வேறாக இருப்பதும் உண்டு. உயரம் மாறினால் மருந்துக்குக் கிடைக்கும் இடம் மாறும். கூடவே அழுத்தமும் மாறும்.

இனி கேப்பு. இன்றைய எல்லா ஷாட்கன் தோட்டாவுக்கும் '209' என்ற ஒரே அளவுக் கேப்புதான் வழக்கம். அன்று அப்படியில்லை. ரெமிங்டனும் அதன் கைக்கு வந்துவிட்ட பீட்டர்ஸும் தங்கள் காகிதக் கூடுகளில் '57' என்ற சற்றே ஒல்லியான கேப்பைப் பயன்படுத்தின. சிசிஐ நிறுவனம் அதற்கு ஈடாக '157' என்று ஒன்றைச் செய்தது. இரண்டும் எப்போதோ நின்றுபோயின. எஞ்சியிருப்பவை யாரோ பல ஆண்டுகளுக்கு முன் வாங்கி அலமாரியில் மறந்தவை. அவற்றைத் தேடி அலைவதும், கிடைத்தால் என்ன விலைக்கும் வாங்குவதும் இந்தப் பொழுதுபோக்கின் பாதி. 2020-இல் அமெரிக்காவில் கேப்புப் பஞ்சம் வந்தபோது சாதாரண 209-க்கே ஆட்கள் வரிசையில் நின்றார்கள். அதே ஆண்டில் ரெமிங்டனே திவாலாகி, அதன் தோட்டாத் தொழில் வேறு கைக்குப் போனது.

கேப்பு கிடைக்காதவர்கள் கண்டுபிடித்த குறுக்குவழி, கூட்டின் கேப்புக் குழியைக் கொஞ்சம் அகலப்படுத்தி 209-ஐ இறுக்கிவிடுவது. உலோக வேலையாக மட்டும் பார்த்தால் சாமர்த்தியமானதுதான். கேப்பு சரியாக உட்கார்ந்துவிட்டது என்பதால் தோட்டாவும் சரி என்று எடுத்துக்கொள்வதில்தான் பிழை. கேப்பு வெறும் தீப்பொறி அல்ல. அதன் சுடரின் நீளம், வெப்பம், வேகம் மூன்றும் மருந்து எரியும் விதத்தை மாற்றுகின்றன. மற்ற எதையும் தொடாமல் கேப்பை மட்டும் மாற்றினாலே அழுத்தம் சில ஆயிரம் பிஎஸ்ஐ ஏறலாம் என்பதை ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. அமெரிக்கத் தோட்டாத் தயாரிப்பாளர்களின் தர அமைப்பான சாமி, 2¾ அங்குல 12 போர் தோட்டாவுக்கு வைத்திருக்கும் உச்சவரம்பே 11,500 பிஎஸ்ஐதான். அந்த வரம்பு நல்ல நிலையில் உள்ள இன்றைய துப்பாக்கிக்கு. முறுக்கிய இரும்பாலான நூறாண்டுக் குழலுக்கு அல்ல.

பழைய கையேடுகளைக் காட்டி, "இதில் எழுதியபடிதான் நிரப்பினேன்" என்பவர்கள் உண்டு. அந்தக் கையேட்டின் அளவுகள் குறிப்பிட்ட கூடு, குறிப்பிட்ட அடித்தக்கை, குறிப்பிட்ட கேப்பு மூன்றும் சேர்ந்தவை. 57-க்கு எழுதிய அளவை 209-க்குப் பயன்படுத்துவது கையேட்டைப் பின்பற்றுவது ஆகாது. அழுத்தத்தை அளக்கும் முறையும் மாறிவிட்டது. அன்று ஈய உருளை எவ்வளவு நசுங்கியது என்று பார்த்துக் கணக்கிட்டார்கள். இன்று மின்னுணரி அளக்கிறது. இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது பயனற்ற வேலை.

அசல் கேப்பே கிடைத்துவிட்டால் கவலை தீர்ந்ததா? அதுவும் இல்லை. ரெமிங்டன் 1920களின் பிற்பகுதியில் 'கிளீன்போர்' கேப்பைக் கொண்டுவருவதற்கு முன்பு, கேப்பு மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருப்பது வழக்கம். எரிந்தபின் மிஞ்சும் உப்பு ஈரத்தை இழுத்துக் குழலை அரிக்கும். அன்றே தண்ணீர்விட்டுக் கழுவி எண்ணெய் பூசாவிட்டால் துரு உறுதி. பாதரசம் கலந்த கேப்பானால் அது பித்தளையையும் நொய்யவைக்கும். பரணில் வெயிலும் ஈரமும் மாறி மாறிப் பட்டுக் கிடந்த கேப்பு தாமதமாகப் பற்றலாம், அல்லது பற்றாமலே போகலாம்.

பணம் மிச்சமாகும் என்ற வாதத்தை நீட்ட வேண்டியதில்லை. அரிய கேப்பை ஏல விலைக்கு வாங்குபவர் சிக்கனத்தைப் பற்றிப் பேசக்கூடாது.

ஆகவே என் தீர்ப்பு இது. 209 கேப்பு ஏற்கும் இன்றைய காகிதக் கூட்டை, அதற்கென்றே வெளியான அளவுகளின்படி நிரப்பிக் குட்டை அறைத் துப்பாக்கிக்குப் பயன்படுத்துவது நல்ல கைவேலை, அதை ஊக்கப்படுத்தலாம். குழியை அகலப்படுத்திய பழைய கூட்டை, அந்தச் சேர்க்கைக்கு அழுத்தம் அளந்த தரவு கையில் இல்லாமல் சுடக்கூடாது. வின்செஸ்டர் 'லீடர்', யூஎம்சி 'நைட்ரோ கிளப்' போன்ற பழம்பெயர் அச்சிட்ட கூடுகளையோ சுடவே வேண்டாம். பெட்டியோடு அப்படியே இருந்தால் சேகரிப்பாளர்கள் நல்ல விலை தருவார்கள். கருகிய வாயோடு கொண்டுபோனால் யாரும் சீந்தமாட்டார்கள்.